ஏழு பேர்ச்சில் ஒரு வாளித் தக்காளி

லயத்தின் பின்புறத்தில் ஒரு மரக்கறிப் பாத்தி, ஒரு கோழிக்கூடு, வேலியோரம் ஒரு கொய்யா மரம். மலையகத்தில் மண்சரிவு நேரும்போது உயிர்களோடும் வீடுகளோடும் இவையும் மண்ணுக்குள் போய்விடுகின்றன. ஆனால் இழப்புக் கணக்கில் இவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது. முகாமிலிருந்து புது வீட்டுக்கு வந்த தாய்மார் எம்மிடம் கூறும் குறைகளில் ஒன்று, ரசத்துக்குப் போடும் தக்காளியைக்கூட இப்போது காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது என்பதாகும். சிறிய குறைதான். ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில் அது சிறிதல்ல.

மீரியபெத்தயில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்தது. அங்கிருந்து மக்களை வெளியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் தங்கியிருந்தார்கள். 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 7 பேர்ச் காணி, அதாவது சுமார் 177 சதுர மீற்றர். வீடு, மலசலகூடம், பாதை, வடிகான் போக மிஞ்சுவது கையகல நிலந்தான். வீட்டுக்காக மலையை வெட்டிச் சமப்படுத்தும்போது மேல்மண் போய்விடுகிறது. எஞ்சியிருப்பது மக்கில்லாத அடிமண். அதில் தக்காளியை நட்டுவிட்டு விளையவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

2025ஆம் ஆண்டு நவம்பரில் வந்த டித்வா புயலும் பதுளை மாவட்டத்தில் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. இதை வாசிக்கும் உங்களில் சிலர் இன்னமும் சொந்த நிலமின்றி இருப்பீர்கள். ஆகவேதான் சாடியில் வளர்க்கும் குள்ளத் தக்காளியைப் பற்றி எழுதுகிறோம். இடமில்லை என்பதற்காகச் சரிவை வெட்டிப் பாத்தி கட்டுவதும், வடிகானை மூடிப் பயிரிடுவதும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கிவிடும். வாளியில் வளரும் செடியால் அந்த ஆபத்தில்லை. வேறிடம் போக நேர்ந்தால் அதையும் தூக்கிச் செல்லலாம்.

குள்ளத் தக்காளி என்பது இயற்கையாகவே தண்டு தடித்து, இலை சுருங்கிக் கரும்பச்சையாய், மெதுவாக வளரும் செடி. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட ‘மைக்ரோ டொம்’ ஒரு சாண் உயரந்தான். சிறு பூச்சட்டியே அதற்குப் போதும். ஆனால் காய் கோலிக்குண்டு அளவு. இக்குறையை நீக்க 2006இல் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வீட்டுத்தோட்டக்காரர்கள் கூலியின்றி ஒன்றுசேர்ந்து, குள்ளச் செடிகளை உயர்ந்த நாட்டு இனங்களோடு கலந்து, பெரிய காய் தரும் குள்ள இனங்கள் நூற்றுக்கு மேல் உருவாக்கினார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளியேயும் விவசாய அறிவு வளரும் என்பதற்கு இது நல்ல சாட்சி. எனினும், வெளிநாட்டு உறவினர் கடிதத்தில் விதை அனுப்புவதை ஊக்குவிக்காதீர்கள். அனுமதியின்றி வரும் விதையோடு நோயும் வரும்.

உள்ளூரில் குள்ள விதை கிடைக்காவிட்டால், விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’ போன்ற இனமொன்றை 20 லீட்டர் பெயின்ட் வாளியில் கம்பு ஊன்றி வளர்க்கலாம். வாடல் நோயைத் தாங்கும் இனம் எது என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

நாம் முதன்முதலில் நட்ட வாளிகளில் பாதி அழுகிப் போயின. அடியில் துளை போடாததுதான் காரணம். இறையியல் படித்த எமக்கு அது தோன்றவில்லை! விரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளைகள் வேண்டும். உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் மேல்மண், மக்கிய கூட்டுப்பசளை, மணல் அல்லது தும்புத்தூள் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு விளைந்த மண் வேண்டாம். அவற்றின் நோய் தக்காளிக்கும் தொற்றும். மூன்று நான்கு வாரத்து நாற்றை முதல் இலைகள் வரை ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் பனிமூட்டமும் இலையை நனைத்தபடி இருந்தால் கருகல் நோய் சில நாட்களிலேயே செடியை முடித்துவிடும். அக்காலத்தில் வாளியைக் கூரைத் தாழ்வாரத்தின் கீழ், வெயில் படும் பக்கம் வையுங்கள். தண்ணீரை இலையில் அல்ல, அடியில் ஊற்றுங்கள். ஜூலை முதல் செப்ரெம்பர் வரை, ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த அதே வறண்ட காற்று வாளி மண்ணைக் காயவைத்துவிடும். கொழுந்தெடுக்கப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை தண்ணீர் விடுங்கள். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக விட்டால் காயின் அடி கறுத்து அழுகும். அது பூச்சியின் வேலையல்ல, மருந்தடிக்கத் தேவையில்லை.

இன்னொன்று. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் செடியைத் தொட வேண்டாம். புகையிலையிலுள்ள வைரசு நோய் தக்காளிக்குத் தாவும். எமது பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை.

நான்கு வாளிச் செடி ஒரு குடும்பத்தின் குழம்புக்கு உதவும், வருமானத்தைத் தந்துவிடாது. வாளி இருக்கிறதே என்று காணிக்கான கோரிக்கையைத் தள்ளிப்போட எவராவது முனைந்தால், அதற்கு இக்கட்டுரையை ஆதாரமாக்க வேண்டாம். பயிர் செய்யத் தெரிந்த மக்களுக்குப் பயிர் செய்ய நிலம் வேண்டும். வாளி அதுவரைக்குந்தான்.

குரங்குத் தொல்லை உள்ள இடங்களில் காய் சற்றே சிவக்கத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். நன்றாகக் காய்த்த செடியில் மட்டும் ஒரு பழத்தை முழுதாகப் பழுக்க விட்டு, விதையைச் சதையோடு ஒரு கோப்பையில் இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, கழுவி, நிழலில் உலர்த்தி எடுங்கள். பைக்கற்றில் கலப்பினம் என்று எழுதியிருந்தால் அந்த விதையை எடுக்க வேண்டாம். தாயைப் போல் பிள்ளை வராது. மற்ற விதை ஈரம் படாத போத்தலில் சில வருடங்கள் இருக்கும். அதில் ஒரு பிடியை அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள்.