தயக்கமின்றி ஆங்கிலம் – 17: நடக்கும் என்று நம்புகிறீர்களா?

'இஃப்' வாக்கியம் என்றதும் பள்ளியில் படித்த டைப் 1, டைப் 2, டைப் 3 அட்டவணைதான் பலருக்கு நினைவுக்கு வரும். கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால் நாமே ஒரு வாக்கியம் பேச வேண்டிய இடத்தில் 'வில்'லா, 'வுட்'டா என்று நாக்கு தடுமாறுகிறது. ஒவ்வொரு டைப்பும் எப்படி அமையும் என்று அட்டவணை சொல்கிறது. எதை எப்போது எடுப்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதுதான் பெரிய குறை.

'வங்கிக் கடன் கிடைத்தால் வீடு வாங்குவேன்.' எல்லா ஆவணங்களையும் கொடுத்துவிட்டு மேலாளரின் கையெழுத்துக்குக் காத்திருப்பவர் இப்படிச் சொல்லலாம். தனக்கெல்லாம் எவன் கடன் தரப்போகிறான் என்று பெருமூச்சு விடுபவரும் இதையே சொல்லலாம். தமிழில் வாக்கியம் ஒன்றுதான். ஆளையும் குரலையும் வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இதை வினைச்சொல்லிலேயே பிரித்துவிடும். முதலாமவர் 'இஃப் ஐ கெட் த லோன், ஐ வில் பை எ ஹவுஸ்' என்பார். இரண்டாமவர் 'இஃப் ஐ காட் த லோன், ஐ வுட் பை எ ஹவுஸ்' என்பார்.

இனிமேல் கிடைக்க வேண்டிய கடனுக்கு 'காட்' என்ற இறந்தகாலம் எதற்கு? நம் 'கிடைத்தால்' என்ற சொல்லைப் பாருங்கள். 'கிடைத்தது' என்பதில் உள்ள அதே இறந்தகால இடைநிலைதான் அதிலும் இருக்கிறது. நாளைய மழைக்கும் 'பெய்தால்' என்றுதானே சொல்கிறோம்? ஆகவே இது நமக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் அந்த இறந்தகால வடிவம் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது: 'இது நடக்க வாய்ப்புக் குறைவு, அல்லது வெறும் கற்பனை.' அந்த எண்ணம் இருந்தால் 'வுட்'. நடக்கக்கூடியதுதான் என்றால் 'வில்'.

வியாபாரத்தில் இந்த வேறுபாடு பணத்தைத் தொடும். 'இஃப் யூ ஆர்டர் 500 பீசஸ், வீ வில் கிவ் எ டிஸ்கவுண்ட்' என்று எழுதினால் அது வாக்குறுதி. நாளைக்கே 500-க்கு ஆர்டர் வந்தால் தள்ளுபடி தந்தாக வேண்டும். 'இஃப் யூ ஆர்டர்ட்... வீ வுட் கிவ்...' என்றால் இன்னும் ஆழம் பார்க்கிறோம், வாக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

முடிந்துபோன விஷயத்தில் குழப்பமே வேண்டாம். 'நேற்றே வந்திருந்தால் தந்திருப்பேன்' என்று தமிழே தெளிவாகச் சொல்கிறது. அங்கே 'வுட் ஹேவ்'தான்.

ஒரு பழக்கத்தை மட்டும் உடனே விட வேண்டும். 'த ஆஃபீஸ் வுட் பி க்ளோஸ்ட் டுமாரோ' என்று நம் அலுவலகங்களில் அறிவிப்பு எழுதுகிறார்கள். 'வுட் யூ லைக் சம் டீ?' என்று கேட்பது மரியாதை என்பதால், எங்கே 'வுட்' போட்டாலும் மரியாதை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது போலும். படிப்பவரோ 'எது நடந்தால் மூடுவார்கள்?' என்று யோசிப்பார். நாளை விடுமுறை உறுதி என்றால் 'வில்' என்றே எழுதுங்கள்.

இந்த வாரம் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் 'வுட்' வரும் இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். அது வேண்டுகோளா, ஒருவர் முன்பு சொன்னதன் மறுகூற்றா, பழைய நினைவா, வெளிப்படையாகவோ மறைவாகவோ ஒரு 'இஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் 'வில்' என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

(தொடரும்)