நாடு பார்த்து உட்காராத நாடாளுமன்றம்

பிரான்ஸ் நாட்டின் கிழக்கு ஓரத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் என்றொரு நகரம் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ரைன் ஆற்றைக் கடந்தால் ஜெர்மனி. 1871-இல் இந்த நகரம் ஜெர்மனி வசம் போனது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்ஸுக்குத் திரும்பியது. 1940-இல் மீண்டும் ஜெர்மனி பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் மறுபடி பிரான்ஸ். இப்படிக் கைமாறிக் கைமாறிக் களைத்த ஊரில்தான், இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாட்டு மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய 720 பேர் கூடுகிறார்கள். அதுதான் ஐரோப்பிய நாடாளுமன்றம்.

மக்கள் நேரடியாக ஓட்டளித்த முதல் தேர்தல் 1979-இல் நடந்தது. அந்த அவை தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் சிமோன் வேய். பதினாறு வயதில் நாஜிகளால் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அம்மா, அப்பா, அண்ணன் மூவரையும் இழந்தவர். ஜெர்மானிய உறுப்பினர்களும் இருந்த அந்த அவையைத் தலைமை ஏற்று நடத்தினார். இந்த நாடாளுமன்றம் எதற்காகத் தோன்றியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அவை கூடும் அரைவட்டமான மண்டபத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு வரிசை, இத்தாலியர்களுக்கு ஒரு வரிசை என்று கிடையாது. ஒத்த கருத்துடையவர்கள் குழுவாகச் சேர்ந்து அமர்கிறார்கள். ஒரு குழு அமைய குறைந்தது 23 பேர் வேண்டும். அவர்கள் குறைந்தது 7 நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். ஆக, ஒரே நாட்டுக்காரர்கள் மட்டும் கூடி ஒரு குழு தொடங்கவே முடியாது!

அந்த 720 இடங்களில் ஜெர்மனிக்கு 96. குட்டித் தீவான மால்டாவுக்கு 6. மக்கள்தொகையை மட்டும் பார்த்துப் பிரித்திருந்தால் மால்டாவுக்கு ஆறு இடங்கள் கிடைத்திருக்காது. சின்ன நாட்டின் குரலும் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, எந்த மொழியில் பேசுவார்கள்? 24 மொழிகளில், அவரவருக்கு விருப்பமானதில். மண்டபத்தைச் சுற்றிக் கண்ணாடி அறைகளில் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். ஒருவர் பேசப் பேசவே அதைத் தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டே போவார்கள். உறுப்பினர்கள் காதில் கருவி மாட்டிக் கேட்பார்கள். மால்டா மொழியிலிருந்து நேராக எஸ்தோனிய மொழிக்கு மாற்ற ஆள் கிடைக்காவிட்டால்? ஒருவர் ஆங்கிலத்தில் சொல்வார். அதைக் கேட்டு இன்னொருவர் எஸ்தோனிய மொழியில் சொல்வார். இத்தனையும் சில நொடிகளுக்குள்!

இனி, சட்டம் எப்படிப் பிறக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு சார்ஜர் என்று இருந்த காலத்தில், பயன்படாத சார்ஜர்களால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் குப்பை சேர்கிறது என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் வேண்டும் என்று நாடாளுமன்றம் பலமுறை கேட்டது. கேட்கத்தான் முடியும். சட்ட முன்வரைவை எழுதிக் கொண்டுவரும் உரிமை ஆணையத்துக்கே உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கு அந்த உரிமை இல்லாதது ஒரு குறை என்றே நான் நினைக்கிறேன்.

2021 செப்டம்பரில் ஆணையம் முன்வரைவைக் கொண்டுவந்தது. அது முதலில், முன்வரைவுகளை ஆராயும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவிடம் போனது. இந்த ஆய்வுக் குழுக்கள் பெரும்பாலும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில்தான் கூடும். ஒவ்வொரு முன்வரைவையும் ஓர் உறுப்பினர் பொறுப்பேற்று நடத்துவார். இதற்குப் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? அந்த மால்டாவின் ஆறு பேரில் ஒருவரான அலெக்ஸ் அஜியுஸ் சலீபா. முன்வரைவில் மடிக்கணினி இல்லை. அதையும் சேர்க்கவேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தம் கோரியது. 27 நாட்டு அரசுகளின் அமைச்சர்கள் கூடும் அவையோடு பேசி, 2022 ஜூனில் உடன்பாடு கண்டார்கள். இந்த இரண்டு அவைகளும் ஒரே வாசகத்துக்குச் சம்மதித்தால்தான் சட்டம். ஒன்று மறுத்தாலும் இல்லை.

2022 அக்டோபர் 4 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் வாக்கெடுப்பு. ஆதரவு 602, எதிர்ப்பு 13, நடுநிலை 8. அதே மாதம் அமைச்சர்கள் அவையும் ஏற்றது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த 27 நாடுகளில் விற்பனைக்கு வரும் புதிய போன்களில் யூஎஸ்பி-சி எனும் ஒரே வகைச் சார்ஜர் துளை கட்டாயம் ஆனது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம் தரப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் கெடு வரும்வரை காத்திருக்கவில்லை. 2023-இலேயே ஐபோன் 15-ஐ அந்தத் துளையோடு வெளியிட்டது. இந்தியக் கடைகளுக்கு வந்ததும் அதே போன்தான்.