பாதிக் கடல் உனக்கு, பாதி எனக்கு

கோட்டைக் கொச்சியில் சூரியன் கடலுக்குள் இறங்கியதும், சீனவலைகளின் அருகே நின்று படமெடுத்த கூட்டம் மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பிவிடுகிறது. கடல் பார்த்தாயிற்று, இனி சாப்பாடு. பாய்ப்படகில் கணவனும் மனைவியுமாக உலகம் சுற்றுகிறவர்களைப் பற்றிய பத்திரிகைப் படங்களும் இதே நேரத்தில்தான் எடுக்கப்படுகின்றன: அணியத்தில் தோளோடு தோள் உரசி இருவர், முதுகுக்குப் பின்னால் ஆரஞ்சு வானம். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது ஒரு நாளின் இருபத்துநான்கு மணியில் பதினைந்து நிமிடம். நெடுங்கடல் பயணத்தின் அழகில் பெரும்பங்கு அந்த வானம் அணைந்த பிறகே தொடங்குகிறது. அதை இருவரும் சேர்ந்து பார்ப்பதும் அபூர்வம்.

காரணம் எளிய கணக்கு. கொச்சி அழிமுகத்திலிருந்து ஓமானின் சலாலாவுக்கு ஏறத்தாழ 1,350 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடும் சிறு படகுக்கு அது பதினோரு நாள். நடுக்கடலில் நங்கூரம் போட முடியாது. படகு இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றின் திசையைப் பிடித்துத் தானே சுக்கானைத் திருப்பும் கருவி உண்டு. ஆனால் அதற்குக் கண் கிடையாது. எதிரே வரும் சரக்குக் கப்பலை ஒரு மனிதர்தான் பார்க்க வேண்டும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஒருவர், அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே படுக்கையில். எரிக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1952 முதல் 1955 வரை முப்பதடிப் படகில் உலகைச் சுற்றிவந்தபோதும் அந்தப் படகில் இருந்த ஆள்பலம் இரண்டே பேர். வீட்டில் ஒரே அறையில் இருந்தும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். முப்பதடிக்குள் அடைபட்ட இருவர் ஒரே கடலை வேறு வேறு நேரத்தில் பார்க்கிறார்கள். காவல் மாறும் அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்ததைச் சொல்லிக் கைமாற்றுகிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்குக் கிடைக்கும் சிறந்த சான்று தம்பதி அல்ல, தோழிகள். இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ பாய்ப்படகில் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். 2025 மே 29 அன்று திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேற்பட்ட வழியில் கரை தொட்டது நான்கே இடங்களில்: ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன். இவர்களுக்கு வழிகாட்டிய கேரளத்துக்காரர் அபிலாஷ் டோமி, 2012–13இல் தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர். தனியாளாகப் போகிறவர் துண்டு துண்டாகத்தான் தூங்க முடியும். அவர் தூங்கும்போது கடலைப் பார்க்க ஆளில்லை. இருவராகப் போனால் ஒருவரின் முழுத் தூக்கத்துக்கு மற்றவரின் முழு விழிப்பே விலை. அழகை ரசிக்க மனநிம்மதி வேண்டும் என்றால், அந்த நிம்மதி இப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது.

அந்த விழிப்புக்குக் கிடைக்கும் கூலி என்ன? தை மாதம், விடியலுக்கு முன் நான்கு மணி, கொச்சிக்கு மேற்கே நல்ல வாடை. வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குமேல் பத்துப் பாகை, அதாவது நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு உயரத்தில். தெற்கே தென்சிலுவை நேராக நிமிர்ந்து நிற்கும். நம் அகலாங்கில் கிடைக்கும் சலுகை இது: லண்டன்காரருக்குத் தென்சிலுவை இல்லை, சிட்னிக்காரருக்குத் துருவ நட்சத்திரம் இல்லை. அந்த ஒரு முஷ்டியைத்தான் பழைய மாலுமிகள் முடிச்சுப் போட்ட கயிறு கோத்த சிறு பலகையால் விரற்கணக்கில் அளந்தார்கள். அரபிகள் அதைக் கமால் என்றார்கள், தமிழ் மாலுமிகள் ராப்பலகை என்றார்கள். பெயரிலேயே இரவு இருக்கிறது.

வானத்துக்குப் போட்டியாகத் தண்ணீரும் ஒளிரும். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் கும்பளங்கிக் காயலில் கோடையில் ‘கவரு பூத்தது’ என்பார்களே, துடுப்புப் பட்டதும் நீலமாகச் சிதறும் அந்த ஒளி, அதன் உறவுதான் நடுக்கடலில் படகின் பின்னால் நீளும் பச்சைநீலத் தடம். இன்னும் அரிதானது பால்கடல். 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் ஒரு வணிகக் கப்பலின் நாட்குறிப்பில், கடல் முழுக்கப் பால்போல் வெளுத்திருந்ததாக எழுதிவைத்தார்கள். பத்தாண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டியபோது அது உண்மை என்று தெரிந்தது: 15,400 சதுர கிலோமீட்டர், கோவா மாநிலத்தைப்போல நான்கு மடங்கு, மூன்று இரவுகள். தட்டினால் மினுங்கும் கவரு அல்ல அது. பாக்டீரியாக்கள் ஓயாமல் தரும் நிலையான ஒளி என்பது அவர்கள் கணிப்பு.

இது பணக்காரர் பொழுதுபோக்கு என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆபத்து என்பார்கள், அதுவும் உண்மை. 2009இல் செஷல்ஸ் அருகே கடற்கொள்ளையர் கடத்திய பிரிட்டிஷ் தம்பதி 388 நாட்கள் சோமாலியாவில் பிணையாக இருந்தார்கள். 2011இல் இந்தியாவிலிருந்து சலாலா நோக்கிப் போன ஓர் அமெரிக்கத் தம்பதி, உடன் வந்த இருவரோடு கொல்லப்பட்டார்கள். அதன்பின் உலகம் சுற்றும் படகுகள் பெரும்பாலும் அரபிக்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனை வழியாகப் போகத் தொடங்கின. போல்காட்டியில் பாய்ப்படகுகளுக்கெனத் துறை கட்டிக் காத்திருந்த கொச்சிக்கு அது கெட்ட காலம். கடலோரத்துக்காரர் தினமும் பார்ப்பதுதானே, இதில் என்ன அழகு என்ற கேள்வியும் உண்டு. கவரு ‘பூத்தது’ என்று பூவின் வினைச்சொல்லை அதற்குக் கொடுத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லவே.

எனக்குக் கவலை கடற்கொள்ளையர் அல்ல, வெளிச்சம். மேலே சொன்ன அத்தனைக்கும் இருட்டு வேண்டும், அது குறைந்துகொண்டே வருகிறது. மட்டாஞ்சேரிக் கடவில் நின்றால் வில்லிங்டன் தீவின் மின்னொளிதான் தண்ணீரில் மிதக்கிறது. துருவ நட்சத்திரம் இருக்க வேண்டிய உயரத்தை நகரின் ஒளிமூட்டம் விழுங்கிவிட்டது. நிலம் போகட்டும், கடலாவது மிஞ்சும் என்றால் அதுவும் இல்லை. எல்.இ.டி. விளக்கு கட்டி மீன் பிடிப்பதற்கு 2017இல் மத்திய அரசு தடை போட்டது. அந்த விளக்குகள் இன்னும் எரிவதாகச் சிறு மீனவர்களே புலம்புகிறார்கள். விளக்கில்லாமல் எப்படிப் பாதுகாப்பு என்று கேட்கலாம். சர்வதேச விதிகள் இருபது மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகுக்கு, பாய் விரித்து ஓடும்போது, பாய்மர உச்சியில் ஒரே ஒரு மூவண்ண விளக்கை அனுமதிக்கின்றன. மற்றவர் பார்க்க அது போதும். தளம் இருட்டாகவே இருக்கலாம். பதினேழு மீட்டர் தாரிணிக்கும் இது பொருந்தும். கெடுப்பது வேறு: கையில் திரை. இருளுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு குறுஞ்செய்தியைப் பார்த்தால் அந்த அரைமணி போயிற்று. நடுக்கடலுக்கும் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்ட பிறகு, மூன்று மணி நேரக் காவலை ஒரு தொடரின் நான்கு பகுதிகளாகக் கழிக்க எந்தத் தடையும் இல்லை. அப்புறம் காவல் மாறும்போது துணையிடம் கைமாற்ற என்ன இருக்கும்? கதைச் சுருக்கம்தான்.

உலகம் சுற்ற நம்மில் எத்தனை பேருக்குப் படகு வாய்க்கும்? ஆனால் பங்குனி, சித்திரையில் கும்பளங்கிக்கு ஜோடியாகப் போக யாராலும் முடியும். அமாவாசையை ஒட்டிப் போங்கள். செல்போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். அதற்குப் பிறகு தண்ணீரில் கை வையுங்கள்.