மருதானை மண்டபமும் குறும்படத் திரையீடும்: பால்நிலைச் சிறுபான்மையினர் பற்றிய சில குறிப்புகள்

திரைப்படம் பற்றிய எமது ஆய்வுகள் பெரும்பாலும் படத்தையும் அதன் நெறியாளரையுமே கருத்திற்கொள்கின்றன. படம் எங்கு, எவர் முன்னிலையில், எத்தகைய சட்டத்தின் நிழலிற் காட்டப்படுகின்றது என்பது அருகியே வினாவப்படுகின்றது. தன்பாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட குறும்படங்கள் கொழும்பிற் சிறு கூட்டங்களிற் காட்டப்படுவதை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாவே முதன்மையானது.

மருதானையை எடுத்துக்கொள்வோம். 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபமும், பின்னர் எழுந்த எல்பின்ஸ்ரன் அரங்கும் நகரத்து உழைக்கும் மக்களுக்கு நாடகத்தையும் சினிமாவையும் கொண்டுவந்தது இங்கேதான். வணக்கத்துக்குரிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1971இல் நிறுவிய சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையமும் இங்கேயே அமைந்தது. அதன் மண்டபம், கொழும்பிலே பிறிதோரிடத்திற் பேசத் தயங்கியவற்றைப் பேசுவதற்கான களமாக நெடுங்காலம் விளங்கிவந்துள்ளது. ஆயினும் மருதானை என்ற பெயர் நமது பொருளோடு தொடர்புறுவது அரங்குகளால் மட்டுமன்று, ஒரு வழக்கினாலுமாகும்.

குடியேற்ற ஆட்சி 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு “இயற்கை ஒழுங்குக்கு மாறான” உறவையும், 365அ பிரிவு “பாரதூரமான இழிசெயலையும்” குற்றமாக்குகின்றன. பிந்தியதற்கு ஈராண்டு வரையிலான சிறைத்தண்டனை உண்டு. வளர்ந்த ஆண்கள் இருவர் இப்பிரிவின்கீழ்க் குற்றவாளிகளாகக் காணப்பட்ட வழக்கொன்று மேன்முறையீடாக உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அதில் எதிர்மனுதாரராக நின்றவர் மருதானைப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. 2016 நவம்பர் 30ஆந் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு, ஒருப்பட்ட வளர்ந்தோரின் உறவில் அரசு காவல்புரிதலாகாது என்ற சமகாலச் சிந்தனையை எடுத்துரைத்தது. எனினும் சட்டம் நூலில் உள்ளவரை குற்றத்தீர்ப்பு நிலைக்கும் எனக் கூறிச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. நீதிபதிகளின் மனமும் சட்டத்தின் எழுத்தும் இரு திசைகளில் நிற்பதை இத்தீர்ப்பைப்போல் வெளிப்படையாகக் காட்டுவது வேறொன்றில்லை.

1995ஆம் ஆண்டுத் திருத்தம் இதைவிட விசித்திரமானது. பிரிவை நீக்குமாறு குரல் எழுந்த வேளையிலே, பாராளுமன்றம் “ஆண்” என்ற சொல்லை “ஆள்” என மாற்றிப் பெண்களையும் குற்ற வரம்புக்குட் கொண்டுவந்தது. சமத்துவத்தை இவ்வாறும் வழங்கலாம் போலும்! சட்டத்தைத் தந்த இங்கிலாந்து தன் நாட்டில் 1967இலேயே அதனைத் தளர்த்திவிட்டது. இந்திய உயர்நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6இல் 377ஆம் பிரிவின் பிடியை நீக்கிற்று. இலங்கையில் இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மேயில் உயர்நீதிமன்றம் தீர்மானித்தபோதும், 2024 செப்டெம்பரிற் பாராளுமன்றம் கலைந்ததோடு அது செயலிழந்தது.

சினிமாவுக்கும் இவ்வகைச் சட்டத்துக்குமான மோதல் புதிதன்று. ஜேர்மனியில் 175ஆம் பிரிவை எதிர்த்து ரிச்சர்ட் ஒஸ்வால்ட் 1919இல் எடுத்த படத்தில் மருத்துவர் மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் தாமே தோன்றினார். மறு ஆண்டே அது பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டு, மருத்துவர்களும் ஆய்வாளரும் மட்டுமே காணலாம் என்றாயிற்று. 1961இல் வெளிவந்த பிரித்தானியப் படமான “விக்ரிம்”, இச்சட்டம் நீதிமன்றத்தைவிடப் பணம் பறிப்போருக்கே கூடுதலாகப் பயன்படுகின்றது என்பதைக் கதையாக்கிற்று. சான்பிரான்சிஸ்கோவில் இன்று பெருவிழாவாக நடைபெறுவது, 1977இல் சூப்பர் எட்டு மில்லிமீற்றர் சுருளில் எடுத்த குறும்படங்களைச் சிலர் கூடிப் பார்த்ததிலிருந்து தொடங்கியதாகும்.

குறும்படம் ஏன்? முதலாவது காரணம் பொருளியல் சார்ந்தது. முழுநீளப் படம் முதலீட்டாளரையும் தணிக்கையையும் திரையரங்க உரிமையாளரையும் கடந்தே வரவேண்டும். அசோக ஹந்தகம 2002இல் ஆணாக வாழும் ஒருவரை மையமாக வைத்து எடுத்த படமும், விசாகேச சந்திரசேகரம் 2014இல் எடுத்த “பிராஞ்சிபானி”யும் அவ்வழியைத் துணிந்து கடந்த அரிய முயற்சிகள். குறும்படத்துக்கு ஒரு சிறு குழுவும் இரவற் கருவியும் போதும். மற்றொன்று, பதினைந்து நிமிடப் படம் முடிந்தபின் பேசுவதற்குப் பொழுது மிஞ்சுகின்றது. 2004இல் தோன்றிய “ஈக்குவல் கிறவுண்ட்” அமைப்பு 2005 முதல் நடத்திவரும் கொழும்புப் பெருமை விழாவிலும், 2013இல் சென்னையில் தொடங்கிய “ரீல் டிசையர்ஸ்” விழாவிலும் படங்காட்டலோடு கலந்துரையாடலும் சேர்ந்துள்ளமை கவனிக்கத்தக்கது. தமிழ் வணிகப் படங்கள் நெடுங்காலம் இம்மாந்தரை நகைச்சுவைத் துணுக்காக மட்டுமே பயன்படுத்தின. அதே மாந்தரின் துயரைக் கண்டு ஒரு மண்டபமே சிரிக்காமல் இருப்பதை ஒருவர் முதன்முறையாக உணர்வது சிறு காரியமன்று.

மொழிப் பிரச்சினை எமக்கு நெருக்கமானது. கொழும்பில் இத்தகைய படங்கள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுகின்றன. தமிழ் உபதலைப்பு இல்லாதவிடத்துக் கொட்டாஞ்சேனைத் தொழிலாளியொருவர் அங்கு விருந்தாளியே அன்றிப் பங்காளி அல்லர். சொல் இல்லை என்ற சாட்டு இனி எடுபடாது. தமிழ்நாட்டு அரசு, சென்னை மேல் நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து, 2022 ஓகஸ்டில் இத்துறைச் சொற்றொகுதியொன்றை வர்த்தமானியில் வெளியிட்டது. அதற்கும் முன்னே, தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்த நிலையினரை உயர்திணைக்குள்ளேயே வைத்து, அவர்க்கெனத் தனி ஈறு இன்மையையும் குறித்துச் சென்றார். மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுட் பேடும் ஒன்று. பண்டை இலக்கியம் இவர்களைப் போற்றியது என இதிலிருந்து முடிவுகட்டுவது மிகையாகும். இவர்கள் மேனாட்டு இறக்குமதி என்பாரின் வாதம் நிலைக்காது என்பதற்கு மட்டும் இது போதிய சான்றாகும்.

இனி, வாசலில் நடப்பது. இத்தகைய திரையீடுகளிற் புகைப்படம் எடுத்தல் பொதுவாகத் தடுக்கப்படும். முகவரி நம்பிக்கையானவர் வாயிலாகவே பரவும். தமிழருக்கு இதில் வேறொரு கனமும் உண்டு. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர்; உயர்நீதிமன்றம் மறுநாளே அதனை இடைநிறுத்திற்று. போர்க்காலத்திற் பொலிஸ் பதிவுப் படிவத்தை நிரப்பி வாழ்ந்த வெள்ளவத்தைக் குடும்பத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர், மண்டப வாசலில் “பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம்” எனக் கோடிட்ட தாளைக் கண்டால் படியேறாமலே திரும்புவார். ஏற்பாட்டாளர் பலருக்கு அத்தாள் நிதி வழங்குவோருக்குக் காட்டும் வருகைக் கணக்கு மட்டுமே. இவ்வேறுபாட்டை உணராதவர்கள், தமிழர் ஏன் வருவதில்லை என ஆண்டுதோறும் வியந்துகொண்டிருப்பர்.

வெளிநாட்டுப் பண்பாட்டு நிலையங்களின் குளிரூட்டிய அரங்கிலும் பார்க்க மருதானை பொருத்தமானது என்பது எமது கருத்து. வெள்ளவத்தையிலிருந்து கரையோரப் புகையிரதம் இங்கு வந்து நிற்கின்றது. கொட்டாஞ்சேனை அருகிலேயே உள்ளது. சந்தடி மிக்க சந்தியொன்றில் யார் எந்தக் கட்டடத்துள் நுழைகின்றார் என எவரும் உற்றுநோக்குவதில்லை. தாள் இல்லாத வாசலும் தமிழ் உபதலைப்பும் கடைசிப் புகையிரதத்துக்கு முன் முடியும் கலந்துரையாடலும் இருப்பின், அங்கு வருவதற்கு ஆட்கள் உள்ளனர்.