ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்... மனசுக்கு என்ன செய்யும்?

ஒரே மருத்துவமனை. ஒரே மாதிரியான அறைகள். எல்லோருக்கும் நடந்தது பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சைதான். ஒரே ஒரு வித்தியாசம்... சிலருடைய அறை ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவர்களுக்கு வெறும் செங்கல் சுவர்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் இருந்த அந்த மருத்துவமனையின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளைப் புரட்டினார் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர். வயது, பாலினம் போன்றவை ஒத்துப்போகும் நோயாளிகளை ஜோடி ஜோடியாக, மொத்தம் 46 பேரை ஒப்பிட்டார். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், சராசரியாகச் சுமார் முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள். வீரியமான வலி நிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 'அழுகிறார்', 'நிறைய தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது' என்பது போன்ற நர்ஸ்களின் குறிப்புகளும் அவர்கள் விஷயத்தில் குறைவு.

1984-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, மரம், செடி, பசுமைக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ந்துவிட்டார்கள்.

மூளைக்கு ஓய்வு!

கணக்கு பார்ப்பது, டிராஃபிக்கில் வண்டி ஓட்டுவது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது... இவை எல்லாவற்றுக்கும் கவனத்தை இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும். அப்படிப் பிடித்து வைக்கும் சக்தி, நாள் முழுக்கச் செலவானால் தீர்ந்துபோகும். எரிச்சல், மறதி, சின்ன விஷயத்துக்கும் கோபம் எல்லாம் அப்போது எட்டிப்பார்க்கும்.

அசையும் இலை, ஓடும் அணில், நகரும் மேகம் இவற்றைப் பார்க்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. கவனம் தானாகப் போய் உட்காரும். அந்த நேரத்தில் களைத்த மூளை ஓய்வெடுத்துக்கொள்கிறது என்பது மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியின் விளக்கம்.

அதே பல்கலைக்கழகத்தில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், சிலரைத் தாவரவியல் பூங்காவிலும், வேறொரு நாள் நகரின் பரபரப்பான சாலையிலும் நடக்கவிட்டார்கள். பிறகு, எண்களைக் கேட்டுப் பின்னோக்கித் திருப்பிச் சொல்லும் சோதனை. பூங்காவில் நடந்து வந்த பிறகு மதிப்பெண் நன்றாகக் கூடியது. கடும் குளிரில், ரசிக்காமல் நடந்தவர்களுக்கும் அதே பலன் கிடைத்ததுதான் ஆச்சர்யம்!

அசைபோடும் மனசு

காலையில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை, இரவு படுத்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறதா? 'நான் ஏன் அப்படிப் பேசினேன்', 'அவர் ஏன் அப்படிச் சொன்னார்' என்று வருத்தத்தையே திரும்பத் திரும்ப அசைபோடுவது, மனச்சோர்வுக்கு வழிவிடும் பழக்கங்களில் ஒன்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில், மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்தில் 90 நிமிடங்கள் நடந்தவர்களிடம் இந்த அசைபோடுதல் குறைந்திருந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்திருந்தது. வாகனங்கள் நிறைந்த சாலையில் அதே நேரம் நடந்தவர்களிடம் இந்த மாற்றம் இல்லை.

ஜப்பானில் இதற்கு ஒரு பெயரே உண்டு... 'ஷின்ரின் யோகு'. தமிழில் வனக் குளியல். 1982-ல் அந்நாட்டு வனத்துறை அறிமுகப்படுத்திய சொல் இது. தண்ணீரும் வேண்டாம், வியர்க்க விறுவிறுக்க நடக்கவும் வேண்டாம். மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்து, உட்கார்ந்து, பார்த்து, கேட்டு, முகர்ந்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம்?

இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடங்கள் என்கிறது. அந்த அளவு நேரத்தை இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் 2 மணி நேரமா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதில் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியும் இதில் உண்டு. ஆனாலும், தினமும் 17, 18 நிமிடங்கள் என்பது முயன்று பார்க்கக்கூடிய கணக்குதான்.

யாருக்குக் கிடைப்பதில்லை?

இந்த நிமிடங்கள் அதிகம் தேவைப்படுபவர்களுக்குத்தான் அவை கிடைப்பதில்லை. படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள், அடுக்குமாடி வீட்டுக்குள் வளரும் குழந்தைகள்... பூங்கா திறந்திருக்கும் காலையும் மாலையும்தான் பல பெண்களுக்கு அடுப்படி வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். அந்த அரை மணி நேரம் டிபன் வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொண்டால்தான் அம்மாவால் வெளியே போக முடியும்.

என்ன செய்யலாம்?

* படுக்கையில் இருப்பவரின் கட்டிலை, வானமோ மரமோ தெரியும்படி ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள்.

* பூங்காவுக்குப் போனால், போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

* ஊட்டி, கொடைக்கானல் வரை போக வேண்டியதில்லை. கோயில் நந்தவனம், ஏரிக்கரை, கடற்கரை, தெருமுனை வேப்பமரம்கூடப் போதும்.

* பால்கனியில் துளசி, கற்றாழை என்று நான்கு தொட்டிகள் வைத்து, தண்ணீர் ஊற்றும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள்.

* வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை

மனச்சோர்வில் இருப்பவரிடம், "பார்க்ல நாலு ரவுண்டு நடந்துட்டு வா, எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பசுமை துணை நிற்கும், சிகிச்சைக்கு மாற்றாகாது. தொடர்ந்து 2 வாரங்களுக்கு மேல் சோகம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.