செய்தி விற்கும் கடையில் சட்டத்தரணிக்கு என்ன வேலை?

நம் சமூகத்தில் பிள்ளை சட்டக் கல்லூரிக்குப் போனால், புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு நிற்பதைத்தான் பெற்றோர் கனவு காண்கின்றனர். கம்பனிக்குள் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் சட்டத்தரணியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் இணையத்தில் செய்தி வெளியிடும் பெரிய நிறுவனங்களில் வருமானத்தின் ஒரு பங்கு அவருடைய பேனாவில்தான் தங்கியிருக்கிறது.

இந்நிறுவனங்கள் பத்திரிகையை மட்டும் விற்பதில்லை. தமது கட்டுரைகளையும் படங்களையும் பயன்படுத்தும் உரிமையைப் பிறருக்குக் காசுக்குக் கொடுக்கின்றன. இது சரக்கு விற்பதல்ல, கடையறையை வாடகைக்கு விடுவது போன்றது. எத்தனை வருடம், எந்த நாடு, அச்சிலா இணையத்திலா, வாங்கியவர் இன்னொருவருக்குக் கைமாற்றலாமா என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. வாடகைக்கு விடும் கடை நம்முடையதுதானா?

நியூயோர்க் டைம்ஸ் போன்ற ஜாம்பவானே இதில் சறுக்கியது. சம்பளத்தில் இல்லாத வெளி எழுத்தாளர்களின் கட்டுரைகளை அச்சிட்டபின், கேட்காமலே லெக்சிஸ் நெக்சிஸ் என்ற கணினித் தகவல் களஞ்சியத்துக்கும் கொடுத்தது. ஜொனதன் டாசினி என்பவரும் இன்னும் ஐந்து எழுத்தாளர்களும் 1993இல் வழக்குப் போட்டனர். 2001 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், எழுத்தாளர் பக்கம் தீர்த்தது. அச்சுக்குக் கொடுத்த அனுமதி களஞ்சியத்துக்குச் செல்லாது என்பதே தீர்ப்பு.

வென்றவர்கள் எழுத்தாளர்கள்தான். ஆனால் பத்திரிகைகளின் சட்டத்தரணிகள் சும்மா இருப்பார்களா? ஒப்பந்தத் தாளில் இணைய உரிமையும் சேர்த்து எழுதிக் கையொப்பம் கேட்கத் தொடங்கினர். பின்னால் வந்த எழுத்தாளருக்குப் பேரம் பேச அதிகம் மிஞ்சவில்லை. இது நியாயமா என்று கேட்டால், பாதிதான் நியாயம் என்பேன்.

அந்தத் தாள்களின் பெறுமதி செயற்கை நுண்ணறிவு வந்த பின்புதான் முழுதாகத் தெரிந்தது. 2023 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் தன் பழைய செய்திகளைப் பயன்படுத்த ஓபன்ஏஐ கம்பனிக்கு அனுமதி கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் அதே ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தது. 2025 மே மாதம் அதே டைம்ஸ், அமேசனுடன் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு கையில் வழக்கு, மறு கையில் வியாபாரம். யாரிடம் எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று முதலாளிக்குச் சொல்வது கம்பனிச் சட்டத்தரணியின் வேலை.

இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அன்றாடச் செய்தித் தகவலுக்கு அதில் பாதுகாப்பில்லை. உழைத்து எழுதிய கட்டுரைக்கு உண்டு. இருந்தும் நம்மவர் பலர் தொலைபேசியில் ஒரு சலாத்தோடு கட்டுரையைக் கொடுத்துவிடுகின்றனர். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை பயானில் கேட்காதவர் நம்மில் யார்? அடுத்த கட்டுரையைக் கொடுக்கும்போது ஆசிரியரிடம் இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்: அச்சுக்கு மட்டுமா, இணையத்துக்கும் சேர்த்தா, மற்றவருக்கு விற்றால் எனக்கு எவ்வளவு?