மேட்டில் முல்லை, பள்ளத்தில் உப்பு

சித்திரையில் ஒரு மழை இறங்கினால் மற்ற ஊர்களில் மண் குளிர்ந்தது என்பார்கள். வேதாரண்யத்தில் அதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கருப்பம்புலத்து முல்லைக் கொல்லைக்கு அது நல்ல மழை. அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கோ பல நாள் கூலியைக் கரைத்துக்கொண்டு போன மழை.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது இந்த நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 34 ஆயிரத்துச் சொச்சம். பெயருக்குத்தான் நகராட்சி, பிழைப்பெல்லாம் கொல்லை, உப்பளம், கடல் என்று கிராமத்துப் பிழைப்பு. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் கடற்கரை, பக்கத்துக் கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை.

கடல் காலங்காலமாகக் குவித்த மணல்மேடுகள்தான் இங்கே குடியிருப்பும் தோட்டமும். மேட்டில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். அதனால் ஆழமில்லாத குட்டையில்கூட நல்ல தண்ணீர் கிடைக்கும். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டி இறைத்தால் உப்பு ஏறிவிடும். முல்லை, மா, தென்னை, சவுக்கு, புகையிலை எல்லாம் இந்த மெல்லிய நன்னீரை நம்பித்தான்.

சில அடி பள்ளத்தில் இறங்கினால் கதையே வேறு. அங்கே சதுப்பு, புல்லும் சரியாக முளைக்காது. அந்த மண்தான் வேதாரண்யத்தைத் தமிழ்நாட்டு உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கு அடுத்த இடத்தில் வைத்திருக்கிறது. உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுவார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே (Baumé) அளவில் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலிலும் காற்றிலும் அது 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும்; அதைப் பின்னால் விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் கடைசிப் பாத்திக்கு விடுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. பலகையால் வாரி வரப்பில் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடுவார்கள். தைக்குப் பிறகு தொடங்கும் வேலை ஐப்பசி மழை வரை ஓடும். நடுவில் ஒரு மழை வந்தால் டிகிரி இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து.

உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து புறப்பட்ட ராஜாஜி, 30ஆம் தேதி உப்பை அள்ளிக் கைதானது இந்தச் சதுப்பில்தான். தொண்டர்களுக்கு இங்கே ஆதரவாக நின்றவர் வேதரத்தினம் பிள்ளை. அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது.

மழை வந்து அளம் ஓயும் நேரத்தில் கோடியக்கரை விழித்துக்கொள்ளும். அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். பூநாரைகளுக்கும் அதுதான் பருவம். வெளிமான்களுக்காக 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இங்கே உண்டு. 2002இல் இந்த ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் மேடு, பள்ளம் என்று பார்க்கவில்லை. அளங்களில் சேறு ஏறியது, மாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன, படகுகள் நொறுங்கின. சேற்றை வாரியதும் உப்பளம் எழுந்துவிட்டது. தென்னை அப்படியல்ல, புதுக்கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். புயலுக்குப் பிந்தைய கணக்குகளில் உப்பளத்து நஷ்டத்தைவிடத் தோப்புக்காரரின் காத்திருப்புதான் கனமானது.

உப்புக்கு எடை அதிகம், விலை குறைவு. ஆகவே லாபத்தைத் தீர்மானிப்பது ஏற்றுகூலியும் வண்டி வாடகையும்தான். மீட்டர்கேஜ் காலத்தில் உப்பு ரயிலில் போனது. பிறகு தண்டவாளம் முடங்கி, பாரம் முழுக்க லாரிக்கு மாறியது. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது பயணிகள் மகிழ்ந்தார்கள். உப்பு உற்பத்தியாளர்கள் எதிர்பார்த்ததோ சரக்குப் பெட்டிகளை.